கொடி மாறினால் துரோகியா? ஒரே ரேஸில் இரண்டு நாடுகளுக்குத் தங்கம் வென்ற எரிகா சலுமேவின் கதை!

ஒரு ஒலிம்பிக் மெடல் மேடையைக் கற்பனை பண்ணிக்கோங்க. நடுவில் தங்கம் வென்ற பெண் நிற்கிறார். தேசிய கீதம் ஒலிக்கிறது. மூன்று கொடிகள் மெதுவாக மேலே ஏறுகின்றன. ஆனால், நடுவில் ஏறும் கொடியில் ஏதோ இடிக்கிறது. மேலே நீலம், நடுவில் கறுப்பு, கீழே வெள்ளை என இருக்க வேண்டிய கொடி அது. இப்போது வெள்ளை மேலே இருக்கிறது, நீலம் கீழே இருக்கிறது. ஆமாம், கொடியைத் தலைகீழாகக் கட்டி ஏற்றிவிட்டார்கள்!

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் நிஜமாகவே நடந்த சம்பவம் இது. கொடி எஸ்டோனியாவுடையது. தங்கத் தேசத்தின் கொடியைக்கூடச் சரியா ஏற்றத் தெரியாதா என்று கோபப்படலாம்தான். ஆனால், அந்தக் கொடி ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்காகக் கடைசியாக ஏறியது 1936-ல். நடுவில் 56 வருடங்கள். அதில் பெரும்பகுதி எஸ்டோனியா என்று ஒரு தனி நாடே உலக வரைபடத்தில் இல்லை.

மேடையில் நின்றவர் பெயர் எரிகா சலுமே. ட்ராக் சைக்கிளிங் வீராங்கனை. இதே ஸ்பிரின்ட் போட்டியில், நான்கு வருடங்களுக்கு முன் சியோல் ஒலிம்பிக்கிலும் அவர்தான் தங்கம். அப்போது அவருக்காக ஏறியது சோவியத் யூனியனின் செங்கொடி. அதே ஆள், அதே ரேஸ், அடுத்தடுத்து இரண்டு தங்கம். கொடி மட்டும் வேற!

இந்தப் பழைய கதையை இப்போது ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது.

மூன்று மெடல், ஒரு அறிவிப்பு, ஏகப்பட்ட திட்டு!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மேத்யூ ரிச்சர்ட்சன் என்ற ட்ராக் சைக்கிளிங் வீரர் ஆஸ்திரேலியாவுக்காக மூன்று மெடல்கள் ஜெயித்தார். ஸ்பிரின்ட்டிலும் கெய்ரின் போட்டியிலும் வெள்ளி, டீம் ஸ்பிரின்ட்டில் வெண்கலம். போட்டி முடிந்து கொஞ்ச நாளிலேயே ஒரு குண்டைப் போட்டார். ‘இனி நான் பிரிட்டனுக்காக ஆடப் போகிறேன்.’

ரிச்சர்ட்சன் பிறந்தது இங்கிலாந்தில். ஒன்பது வயதில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனவர். இரண்டு நாட்டுக் குடியுரிமையும் உண்டு. ஆனாலும் ஆஸ்திரேலிய ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். அந்த நாட்டு சைக்கிளிங் அமைப்பு விசாரணையே நடத்தியது. ஒலிம்பிக் முடியும்வரை இந்த முடிவை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார், அமைப்புக்குச் சொந்தமான ரேஸ் சைக்கிள் உள்ளிட்ட பொருள்களை பிரிட்டனுக்கு எடுத்துப்போகக் கேட்டார் என்றெல்லாம் சொன்னது. கடைசியில், ‘இனி எந்தக் காலத்திலும் ஆஸ்திரேலிய அணியில் இவருக்கு இடமில்லை’ என்று கதவையே சாத்திவிட்டது. அவர் அசரவில்லை. 2025 ஆகஸ்ட்டில் துருக்கியின் கோன்யா நகரில், 200 மீட்டரை 9 வினாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்த முதல் சைக்கிளிஸ்ட் ஆனார். மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேலான வேகம். அதுவும் வெறும் கால் பலத்தில்!

இப்படி ஒரு நியூஸ் வந்தால் நம் கை சும்மா இருக்காது இல்லையா? கமென்ட் பாக்ஸைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும் வார்த்தை ‘துரோகி’. சரி, ரிச்சர்ட்சன் துரோகி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால், இரண்டு கொடிகளுக்குத் தங்கம் ஜெயித்த எரிகா சலுமே யார்? அவர் யாருக்குத் துரோகம் செய்தார்? இதற்குப் பதில் தேடப் போனால், ‘விளையாட்டு வீரர் நாட்டுக்குச் சொந்தம்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியமே ஆட்டம் காண ஆரம்பிக்கிறது.

ஸ்லோ சைக்கிள் ரேஸ் மாதிரி ஆரம்பிக்கும்... அப்புறம்?

முதலில் அவர் ஆடிய ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம். ட்ராக் சைக்கிளிங் நடக்கும் இடத்துக்குப் பெயர் வெலோட்ரோம். நீள்வட்டப் பாதை, வளைவுகளில் சுவர் மாதிரி செங்குத்தாகச் சரிந்திருக்கும். அங்கே ஓட்டும் சைக்கிளில் பிரேக் கிடையாது. கியர் மாற்ற முடியாது. பெடலும் சக்கரமும் ஒன்றாகப் பூட்டியிருக்கும். சக்கரம் சுற்றினால் கால் சுற்றியே ஆக வேண்டும்.

ஸ்பிரின்ட் என்றவுடன் விசில் அடித்ததும் பறப்பார்கள் என்று நினைப்போம். அதுதான் இல்லை. இரண்டு பேர் கிளம்புவார்கள். ஆனால், கிட்டத்தட்ட நகரவே மாட்டார்கள்! பொங்கல் விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. சில நேரம் சைக்கிளை அப்படியே நிறுத்தி, கால் ஊன்றாமல் பேலன்ஸ் செய்துகொண்டு ஒருவரை ஒருவர் முறைப்பார்கள்.

ஏன் இந்த விளையாட்டு? முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவருக்கு அந்தக் காற்றின் எதிர்ப்பு குறைவு, சக்தி மிச்சம். அதனால், ‘நீ முன்னால போ’ என்று இருவருமே எதிராளியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கடைசி ஒன்றரைச் சுற்றில் யாரோ ஒருவர் பொறுமை இழப்பார். அந்த நொடியில் ரேஸ் வெடிக்கும். கால் பலம் மட்டும் இருந்தால் இதில் ஜெயிக்க முடியாது. எதிரியின் தோள் அசைவதை வைத்தே அவர் எப்போது பாயப் போகிறார் என்று படிக்கத் தெரிய வேண்டும். காத்திருக்கத் தெரிய வேண்டும்.

காத்திருப்பது எரிகாவுக்குப் புதிது இல்லை.

கதவே இல்லாத காலம்

எரிகா பிறந்தது 1962 ஜூன் 11. ஊர், எஸ்டோனியாவின் கடற்கரை நகரமான பார்னு. குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தில் கழிந்தது. வசதியான வீடு, கூட நின்று கைதட்டும் பெற்றோர் என்று நாம் வழக்கமாகக் கேட்கும் சாம்பியன் கதை இது இல்லை. சைக்கிளிங் பக்கம் வந்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட 20 வயது.

அவர் சைக்கிள் ஏறிய காலத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ட்ராக் சைக்கிளிங்கே கிடையாது! 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு ட்ராக் சைக்கிளிங் இருந்தது. பெண்களுக்கு 1980 மாஸ்கோ வரை எந்த சைக்கிள் போட்டியும் இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் முதன்முறையாக ஒரு சாலைப் போட்டியைத் திறந்தார்கள். அப்போதும் வெலோட்ரோம் கதவு மூடியே இருந்தது.

பெண்கள் ஓட்டவே இல்லையா என்றால், நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கான உலக சாம்பியன்ஷிப் ஸ்பிரின்ட் 1958-லேயே ஆரம்பித்துவிட்டது. சோவியத் வீராங்கனை கலினா சரேவா ஆறு முறை உலக சாம்பியன். பிரிட்டனின் பெரில் பர்ட்டன் ட்ராக்கிலும் சாலையிலும் சேர்த்து ஏழு முறை உலக சாம்பியன். இவர்கள் இரண்டு பேரின் ஒலிம்பிக் மெடல் எண்ணிக்கை என்ன தெரியுமா? பூஜ்யம். தோற்றுப்போனதால் வந்த பூஜ்யம் இல்லை. அவர்கள் உச்சத்தில் இருந்தபோது ஒலிம்பிக்கில் போட்டியே இல்லாததால் வந்த பூஜ்யம்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு வீராங்கனை எப்போது பிறக்கிறார் என்பதே அவருடைய மெடல் கணக்கைத் தீர்மானிக்கிறது. கதவு திறந்த 1988-ல் எரிகாவுக்கு வயது 26. அதற்கு முந்தைய வருடம்தான் வியன்னாவில் உலக சாம்பியன் ஆகியிருந்தார். சரியான நேரத்தில் சரியான வயது. அவருக்குப் பத்து வருடம் முன்னால் பிறந்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உழைப்பு இருவருக்கும் ஒன்றுதான்.

காணாமல்போன இரண்டு நாடுகளின் ஃபைனல்

1988 செப்டம்பர். எஸ்டோனியாவின் தலைநகர் டாலினில் வேறொரு புயல் அடித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி இல்லை, கல்வீச்சு இல்லை. மக்கள் பாடினார்கள். செப்டம்பர் 11 அன்று டாலினின் பாடல் விழா மைதானத்தில் லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். மொத்த எஸ்டோனியாவின் மக்கள்தொகையே அப்போது சுமார் 15 லட்சம்தான். சோவியத் ஆட்சியில் தடை செய்யப்பட்டிருந்த நீலம்-கறுப்பு-வெள்ளைக் கொடி அந்த ஆண்டில் மீண்டும் வெளியே வந்தது. வரலாறு இதைப் ‘பாடும் புரட்சி’ என்கிறது.

அந்தக் கூட்டம் கலைந்த சில நாள்களில், கொரியாவின் சியோலில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் ட்ராக் சைக்கிளிங் போட்டி நடந்தது. ஃபைனலில் எரிகாவுக்கு எதிரே நின்றவர் கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்டா லூடிங் ரோத்தன்பர்கர். சாதாரண ஆள் இல்லை. அதே 1988 பிப்ரவரியில் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் ஒரு தங்கம், ஒரு வெள்ளி ஜெயித்துவிட்டு, ஏழு மாதத்தில் சைக்கிளில் ஏறி வந்தவர்! சியோலில் அவருக்கு வெள்ளி. ஒரே வருடத்தில் குளிர்கால, கோடைக்கால ஒலிம்பிக் இரண்டிலும் மெடல் ஜெயித்த ஒரே ஆள் அவர்தான். இனி யாராலும் அந்தச் சாதனையைத் தொடவும் முடியாது. 1994 முதல் இரண்டு ஒலிம்பிக்கையும் வெவ்வேறு வருடங்களுக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்படிப்பட்டவரைத் தாண்டித்தான் எரிகா தங்கம் வென்றார். ஒலிம்பிக் வரலாற்றில் ட்ராக் சைக்கிளிங் தங்கம் வென்ற முதல் பெண். ஏறிய கொடி சோவியத் கொடி. ஒலித்த கீதம் சோவியத் கீதம். ஊரில் அவருடைய மக்கள் எந்தக் கொடியை வேண்டாம் என்று பாடிக்கொண்டிருந்தார்களோ, அதே கொடி.

இதில் ஓர் ஆச்சர்யம் இருக்கிறது. அந்த ஃபைனலில் ஓட்டிய இரண்டு பெண்களின் நாடுகளும் அடுத்த ஒலிம்பிக் வருவதற்குள் காணாமல்போய்விட்டன! 1990-ல் கிழக்கு ஜெர்மனி மேற்கோடு இணைந்தது. 1991-ல் சோவியத் யூனியன் சிதறியது. ஒலிம்பிக் பதிவேட்டில் மட்டும் அந்த ஃபைனல் இன்றும் ‘சோவியத் யூனியன் - கிழக்கு ஜெர்மனி’ என்றே இருக்கிறது. நாடுகள் போய்விட்டன. ஓட்டியவர்கள் இருந்தார்கள்.

அந்த நான்கு வருடங்கள்

1989 ஆகஸ்ட் 23. எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளின் மக்கள் கைகோத்து 600 கிலோமீட்டருக்கும் நீளமான மனிதச் சங்கிலி அமைத்தார்கள். அதே வருடம் லியோனில் எரிகா இரண்டாவது முறையாக உலக சாம்பியன் ஆனார். சட்டையில் இன்னும் சோவியத் பெயர்தான். 1991 ஆகஸ்ட் 20-ல் எஸ்டோனியா மீண்டும் சுதந்திரத்தை அறிவித்தது. 1992 ஜூனில் ரூபிளை விட்டுவிட்டு க்ரூன் என்ற சொந்த நாணயத்துக்கு மாறியது. பார்சிலோனா ஒலிம்பிக் தொடங்கியது ஜூலை 25. அதாவது, கையில் இருக்கும் நோட்டு மாறி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது!

சுதந்திரம் கேட்கும்போது இனிக்கும். ஆனால், ஒரு விளையாட்டு வீரரின் இடத்திலிருந்து பாருங்கள். சோவியத் விளையாட்டு அமைப்பு என்பது பெரிய இயந்திரம். பயிற்சி முகாம், பயிற்சியாளர், ட்ராக், சைக்கிள், சாப்பாடு, சம்பளம் எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொண்டது. 1991-ன் முடிவில் அந்த இயந்திரமே நின்றுபோனது. புதிதாகப் பிறந்த குட்டி நாட்டுக்கு அந்த அளவு வசதி எங்கிருந்து வரும்?

அந்த பார்சிலோனாவில், முன்னாள் சோவியத் குடியரசுகளில் 12 ஒன்றாகச் சேர்ந்து, ஒலிம்பிக் கொடியின் கீழ் ‘ஒருங்கிணைந்த அணி’ என்ற பெயரில் கலந்துகொண்டன. மூன்று பால்டிக் நாடுகள் மட்டும் தங்கள் சொந்தக் கொடியோடு வந்தன. எரிகாவுக்கு வயது 30. ஒலிம்பிக் பட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். ஃபைனலில் எதிரே ஜெர்மனியின் ஆனெட் நாய்மன். இந்த முறை ஜெர்மனி ஒன்றுதான், கிழக்கு மேற்கு கிடையாது.

எரிகா ஜெயித்தார். மீண்டும் சுதந்திரம் பெற்ற எஸ்டோனியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். அந்த ஒலிம்பிக்கில் எஸ்டோனியாவுக்குக் கிடைத்தது மொத்தம் இரண்டே மெடல்கள். எரிகாவின் தங்கம், பாய்மரப் படகில் டோனிஸ்டே சகோதரர்களின் வெண்கலம். அவ்வளவுதான். அப்புறம்தான் அந்தத் தலைகீழ்க் கொடி ஏறியது. ஒலித்த கீதமோ, பலருக்கு ஃபின்லாந்தின் கீதம் மாதிரி கேட்டிருக்கும். இரண்டு நாட்டு கீதத்துக்கும் மெட்டு ஒன்றுதான்.

1996 அட்லாண்டாவிலும் எரிகா ஓட்டினார். மெடல் கிடைக்கவில்லை. தங்கம் பிரான்ஸின் ஃபெலிசியா பலாஞ்சேவுக்குப் போனது.

ஒன்றிலிருந்து ஆறு... 33 வருடம்!

கொடி ஒரு பக்கம் இருக்கட்டும். எரிகா திறந்த கதவு என்ன ஆனது என்று பார்ப்போமா? 1988-ல் ட்ராக்கில் ஆண்களுக்கு 5 போட்டிகள், பெண்களுக்கு 1. 1992-ல் 5-க்கு 2. 1996-ல் 5-க்கு 3. இதே வேகத்தில் போனால் சமமாகிவிடும் என்றுதானே தோன்றும்? 2000-ல் ஆண்களுக்கு எட்டாக ஏற்றினார்கள், பெண்களுக்கு நான்கு. 2008 பெய்ஜிங்கில் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு வெறும் 3!

பெய்ஜிங்கில் இதன் விளைவு கண்ணெதிரே தெரிந்தது. பிரிட்டனின் கிறிஸ் ஹோய் ஸ்பிரின்ட், கெய்ரின், டீம் ஸ்பிரின்ட் என மூன்று தங்கம் அள்ளினார். அதே அணியின் விக்டோரியா பெண்டில்டன் பெண்கள் ஸ்பிரின்ட்டில் தங்கம் வென்றார். அவரால் ஏன் மூன்று ஜெயிக்க முடியவில்லை? பெண்களுக்கு கெய்ரினும் இல்லை, டீம் ஸ்பிரின்ட்டும் இல்லை! அடுத்த நாள் பேப்பரில் ஒருவர் மூன்று தங்க நாயகன், இன்னொருவர் ஒரு தங்கம் வென்றவர். வித்தியாசம் காலில் இல்லை, போட்டி அட்டவணையில் இருந்தது.

2012 லண்டனில்தான் 5-க்கு 5 ஆனது. பெண்டில்டன் அங்கே கெய்ரினிலும் தங்கம் வென்றார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்து 6-க்கு 6. ஒன்றிலிருந்து ஆறுக்கு வர 33 வருடம். பாரிஸில் நியூசிலாந்தின் எல்லெஸ் ஆண்ட்ரூஸ் ஸ்பிரின்ட், கெய்ரின் இரண்டிலும் தங்கம் வென்றார். 1988-ல் எரிகாவுக்கு அப்படி ஓர் ஆசை வந்திருந்தால்கூட, போய் நிற்க இரண்டாவது போட்டி இருக்கவில்லை.

ஆக, எரிகாவின் வாழ்க்கையில் அவர் கையில் இல்லாத விஷயங்கள் இரண்டு. எந்தப் போட்டி இருக்கும் என்பதைச் சங்கங்கள் முடிவு செய்தன. எந்தக் கொடி ஏறும் என்பதை அரசியல் முடிவு செய்தது. அவர் கையில் இருந்தது பெடல் மட்டும்தான்.

சரி, இன்றைக்கு வருவோம்

இன்று ஒரு வீரரின் கொடி மாறுவதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ‘துரோகம்’ என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடுகிறோம். கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, சொந்த விருப்பம். ரிச்சர்ட்சன் இந்த வகை. பிறந்த மண்ணா, வளர்ந்த மண்ணா என்ற கேள்வியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வேலைக்காக, படிப்புக்காக நாடு மாறுகிறவர்களை நாம் பாராட்டி வழியனுப்புகிறோம். விசா கிடைத்தால் ட்ரீட் கேட்கிறோம். விளையாட்டு வீரர் செய்தால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

இரண்டாவது, நாடு செய்ததற்கு வீரர் கொடுக்கும் விலை. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யா, பெலாரஸ் வீரர்களில் சிலர் மட்டும் பாரிஸில் ‘தனிநபர் நடுநிலை வீரர்’ என்ற பெயரில் அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சொந்தக் கொடி இல்லை, தேசிய கீதம் இல்லை. இதை நியாயமான தண்டனை என்று சொல்பவர்களும் உண்டு, வீரர் என்ன செய்தார் என்று கேட்பவர்களும் உண்டு. படையெடுப்புக்கு ஆளான உக்ரைன் வீரர்களின் பக்கம் நின்று பார்த்தால், அந்தக் கொடி ஏறாமல் இருப்பதே குறைந்தபட்ச நியாயம்.

மூன்றாவது, நாட்டையே இழந்தவர்கள். 2016 ரியோவில் இருந்து ஒலிம்பிக்கில் அகதிகள் அணி இருக்கிறது. கேமரூனில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் சிண்டி இங்காம்பா, பாரிஸில் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். அகதிகள் அணியின் முதல் மெடல் அது. அவருக்காக எந்த நாட்டுக் கொடியும் ஏறவில்லை. மெடலின் எடையும் அதனால் குறையவில்லை.

நான்காவது வகைதான் எரிகா. அவர் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். நாடு அவருக்குக் கீழே மாறியது.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கு!

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ட்ராக் சைக்கிளிங் ஒன்றும் மலிவான ஆட்டம் இல்லை. வெலோட்ரோம் கட்ட வேண்டும், காற்றுச் சுரங்கத்தில் பரிசோதித்த சைக்கிள் வேண்டும், பயிற்சியாளர், பிசியோ, பயணம் என்று ஒரு வீரரை உருவாக்கப் பல வருடம் மக்களின் வரிப்பணம் போகிறது. ‘நாங்கள் வளர்த்தோம், இன்னொருவர் அறுவடை செய்கிறார்’ என்று ஆஸ்திரேலியா குமுறுவதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கட்டுப்பாடே இல்லாவிட்டால் பணக்கார நாடுகள் வீரர்களை ஏலத்தில் எடுக்கிற மாதிரி எடுத்துக்கொள்ளும். தடகளத்தில் இது எல்லை மீறிப் போனதால் 2017-ல் நாடு மாறுவதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். பிறகு, மூன்று வருடக் காத்திருப்பு உட்பட கடுமையான விதிகளோடுதான் திறந்தார்கள். ஒலிம்பிக் சாசனமும் பொதுவாக மூன்று வருடக் காத்திருப்பைச் சொல்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்தால் அதைக் குறைக்கலாம்.

ஆக, விதி வேண்டும், வெளிப்படைத்தன்மை வேண்டும். அமைப்பின் பணத்தில் வாங்கிய பொருள் அமைப்பிடம்தான் இருக்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால், இது எல்லாம் ஒப்பந்தம் பற்றிய பேச்சு. ஒப்பந்தம் மீறியவரை ஒப்பந்தம் மீறியவர் என்று சொல்லலாம். ‘துரோகி’ என்பது வேறு வார்த்தை. அந்த வார்த்தை, வீரரின் உடலும் இருபது வருட உழைப்பும் நாட்டின் சொத்து என்று சொல்லாமல் சொல்கிறது. அதை ஒப்புக்கொண்டால், 1988-ல் சோவியத் கொடிக்காகத் தங்கம் வென்ற எரிகா எஸ்டோனியாவுக்குத் துரோகி ஆகிவிடுவார். 1992-ல் எஸ்டோனியாவுக்காக வென்றவர் தன்னை உருவாக்கிய சோவியத் பயிற்சி முகாமுக்குத் துரோகி ஆகிவிடுவார். இரண்டுமே அபத்தம் என்று நமக்கே தெரிகிறது. ஒரு வாதம் ஒரு மனிதரின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்றால், வாதத்தில்தான் கோளாறு இருக்கும்.

எஸ்டோனியா இதில் கொஞ்சம் தெளிவாகவே இருக்கிறது. சியோல் தங்கம் சோவியத் கணக்கில் எழுதப்பட்டிருந்தாலும், எரிகாவை அவர்கள் சொல்வது ‘இரண்டு முறை ஒலிம்பிக் சாம்பியன்’ என்றுதான். ‘அதில் ஒன்று எதிரிக் கொடி’ என்று கழிக்கவில்லை. ஆட்சியாளர் யாராக இருந்தாலும், மிதித்த கால் தங்கள் ஊர்ப் பெண்ணுடையது என்று எடுத்துக்கொண்டார்கள்.

2028-ல் மொபைலைத் திறக்கும்போது...

லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் 2028-ல் வருகிறது. ரிச்சர்ட்சன் பிரிட்டன் உடையில் ட்ராக்கில் இறங்கினால், ஆஸ்திரேலிய வீரரோடு மோதும் அந்த ஒரு ரேஸ் உங்கள் ரீல்ஸில் கண்டிப்பாக வரும். ‘பழிவாங்கல்’, ‘துரோகம்’ என்று பின்னணி இசையோடு வரும். பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஸ்பிரின்ட் ரேஸ் செம த்ரில்லாக இருக்கும், தவறவிடாதீர்கள்.

ஆனால், கமென்ட் டைப் செய்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இவர் கொடி மாறியது விருப்பத்தாலா, வேறு வழி இல்லாமலா? இவருக்குச் செலவு செய்தவர்களிடம் கணக்கை நேர்மையாக முடித்தாரா? இவருக்கு முன்னால் இதே திறமையோடு இருந்தவர்களுக்கு இந்தப் போட்டியே இருந்ததா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகும் திட்டத் தோன்றினால் திட்டுங்கள். பெரும்பாலும் தோன்றாது.

பார்சிலோனா மேடைக்கே கடைசியாக ஒருமுறை போவோம். கொடி தலைகீழாக ஏறியது ஊழியர்களின் தவறு. அந்த நாட்டுக் கொடி எப்படி இருக்கும் என்று அன்று உலகத்தில் பலருக்கும் தெரிந்திருக்கவில்லை. எந்த நிறம் மேலே வர வேண்டும் என்று தெரியாதவர்கள் அன்று கூகுள் செய்தும் பார்க்க முடியாது. தவறைக் கவனித்து ‘அட, இது எந்த நாடு?’ என்று கேட்டவர்களுக்கு அன்று கிடைத்த பதில், எஸ்டோனியா. கேட்க வைத்தவர், குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, 20 வயதில் சைக்கிளுக்கு வந்த ஒரு பெண்.